சட்டம் படைத்த ஆள்: சமய நிறுவனங்களின் கூட்டிணைப்புப் பற்றிய ஒரு மதிப்பீடு

மனிதன் பிறந்து இறப்பவன். அவன் எழுப்பும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அவனுக்குப் பின்னும் நிற்பன. நிற்பவற்றுக்கு நிலமுண்டு, வயலுண்டு, தென்னந்தோட்டமுண்டு, உண்டியற் பணமுண்டு. இவை யாருடையவை என்னும் வினாவுக்கு இறக்கும் இயல்பினனாகிய ஒருவன் பெயரால் விடை கூறினால், அவன் இறந்தவுடன் அவ்விடையும் இறந்துபடும். அவன் மக்கள் வந்து, இது எங்கள் தந்தையின் சொத்து என்பர். இவ்விடர்ப்பாட்டை நீக்கவே இறவாத ஓர் ஆளைச் சட்டங்கள் படைத்துக்கொண்டன. சொத்து வைத்திருக்கவும், வழக்கிடவும், வழக்கிடப்படவும், பொது முத்திரையிட்டு ஒப்பந்தம் செய்யவும் வல்ல அவ்வாளைக் கூட்டிணைக்கப்பட்ட சபை என்று இலங்கையின் சட்டத் தமிழ் வழங்கும்.

இக்கருத்து முழுவதும் மேனாட்டார் தந்தது என்று கொள்வார் உளர். அது பொருந்தாது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் பலவற்றில் சிவன் கோயில் நிலத்தின் கொள்வினை கொடுப்பினைகள் சண்டேசுவரர் பெயரால் நிகழக் காணலாம். சண்டேசுவரப் பெருவிலை என்பது அக்கல்வெட்டுக்களில் வரும் தொடர். அடியார் முதல்வராகிய சண்டேசுவரரை இறைவனின் கருமத் தலைவராகக் கொண்டு, அவர் பெயரால் ஆவணம் எழுதினர். கணக்கர் மாறினும் அரசன் மாறினும் ஆவணத்தின் ஒரு தரப்பு மாறாது நின்றது. ‘சிவன் சொத்துக் குலநாசம்’ என்னும் பழமொழியும் இச்சட்டக் கருத்தையே அச்சத்தின் மொழியில் உரைப்பதாகும். சொத்துக்குரியவன் பேசாதவன், ஆயினும் அவன் உளன் என்பதே அதன் உட்பொருள்.

பிற்கால நீதிமன்றங்களும் இவ்வுண்மையைத் தத்தம் முறையில் ஏற்றன. 1925 ஆம் ஆண்டில் பிரிவிக் கவுன்சில், வங்காளத்து மல்லிக் குடும்ப வழக்கில், குலதெய்வத் திருவுருவம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளே எனத் தீர்ப்பளித்தது. அதே மன்றம் 1940 ஆம் ஆண்டில் லாகூர் சாகித்கஞ்ச் பள்ளிவாசல் வழக்கில், பள்ளிவாசலின் பெயரால் அவ்வாறு வழக்கிடுவதற்கு இணங்கவில்லை. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பத்தூரில் 1976 ஆம் ஆண்டில் மண்ணினின்று வெளிப்பட்டுக் களவாக இலண்டன் சென்ற நடராசர் திருமேனியை மீட்கும் வழக்கில், பாழடைந்து கிடந்த அவ்வூர்க் கோயிலே வழக்கிடும் ஆளாகலாம் என்று ஆங்கிலேய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1991 ஆம் ஆண்டில் ஏற்றது. கூரையிழந்த கோயிலும் கடல் கடந்து தன் உடைமையைக் கேட்க வல்லதாயிற்று. சட்டம் படைத்த ஆளின் பயன் இதனினும் தெளிவாக விளங்குவதற்கு இடமில்லை.

இலங்கையின் நிலை வேறு. எல்லாச் சமயங்கட்கும் பொதுவாக ஒரே சட்ட உடை இங்கே தைக்கப்படவில்லை. பௌத்த விகாரைகளின் உடைமைகளை 1931 ஆம் ஆண்டின் பௌத்த ஆதனங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் ஆள்கிறது. இந்துக் கோயில்கள் பெரும்பாலும் 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் நிழலில் நிற்பன. பள்ளிவாசல்களுக்கு 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்புச் சட்டம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் பேராயரும் ஆயர்களும் 1906 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால், பதவியே ஆளாகும் முறையிற் கூட்டிணைக்கப்பட்டனர். இவற்றுள் அடங்காத சங்கமோ சபையோ துறவியர் குழுவோ அத்தகைய நிலையை வேண்டுமாயின், தனக்கென ஒரு கூட்டிணைத்தற் சட்டமூலத்தைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் வாயிலாகக் கொண்டுவர வேண்டும். வர்த்தமானியில் அறிவித்தல் வரும். குறித்த காலத்துள் எந்தக் குடிமகனும் அரசியலமைப்பின் பேரில் அதனை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஏனையோர் பொதுச் சட்டத்தின் வழியே செல்லும் இடத்துக்கு இவர்கள் தனிக் கதவைத் தட்டிச் செல்லவேண்டியுள்ளது.

இவ்வேறுபாடுகளின் பயனை அறிதற்கு அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் நல்லதோர் உரைகல். வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கித் தெற்கே பொத்துவில் வரை தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் இந்து ஊர்களும் மாறிமாறி அமைந்துள்ளன. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில். கல்முனைக்குடியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேறும் கடற்கரைப் பள்ளி. காரைதீவில் கண்ணகை அம்மன் கோயில். திருக்கோவிலில் சித்திர வேலாயுத சுவாமி. கல்முனை நகரிலோ மெதடிஸ்தர் நிறுவிய உவெஸ்லிக் கல்லூரியும், கத்தோலிக்க மரபில் வளர்ந்த கார்மேல் பாத்திமாக் கல்லூரியும், சாஹிறாக் கல்லூரியும் ஒன்றுக்கொன்று அணித்தே உள்ளன. வயலுக்கு வரும் நீர் ஒன்று, சந்தை ஒன்று, பேச்சும் ஒன்று. வழிபாட்டிடங்களை ஆளும் சட்டங்களே வெவ்வேறு.

அச்சட்டங்கள் வருமுன்னரே இக்கரைக்கு ஒரு நிறுவனமுறை இருந்தது. மட்டக்களப்புப் பகுதியின் தாய்வழிக் குடிமுறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பெரிதும் ஒத்தது. கோயிலிற் குடிகளின் சார்பில் வண்ணக்கர் நின்றார். பள்ளிவாசலிற் குடிகளின் சார்பில் மரைக்கார் நின்றார். திருவிழாவின் எந்நாள் எக்குடிக்குரியது, சபையில் எவர் எவ்விடத்தில் அமர்வார் என்பனவெல்லாம் வழக்கினால் வரையறுக்கப்பட்டிருந்தன. மரைக்கார் ஒருவர் இறந்தால் அவர் மகனன்று, அக்குடியைச் சேர்ந்தவரே அவ்விடத்தை அடைவார். தாய்வழி முறையில் தந்தையின் குடி மகனுக்கு வாராது. சொத்துத் தந்தை மகன் வழியே தனிக்குடும்பத்துக்குட் சென்று மறைவதற்கு இம்முறை இயல்பாகவே ஒரு தடையாயிற்று. இறவாத ஆள் ஒருவனைச் சட்டம் படைப்பதன் நோக்கம் எதுவோ, அதனைக் குடிவழக்கு எழுத்தின்றியே ஒருவாறு நிறைவேற்றியது எனலாம்.

குறையின்றி நிறைவேற்றியது என்பது பொருந்தாது. குடிக்குப் புறம்பானவனுக்கு அம்முறையில் இடமில்லை. புதிதாக வந்து குடியேறியோர் வழிபடலாம். வாய் திறத்தல் அரிது. பெண்வழியே எண்ணப்படும் குடியில் பேசும் உரிமை ஆணிடமே நின்றது. கணக்கைக் கேட்பவன் குடிப்பகையாகக் கருதப்படும் இடமும் உண்டு. ஆதலின் எழுதப்பட்ட சட்டம் வந்தமை வேண்டத்தக்கதே. வக்புச் சட்டம் பள்ளிவாசல்களைப் பதிவு செய்வித்தது; நம்பிக்கைப் பொறுப்பாளரைக் கணக்குக் காட்டக் கடமைப்படுத்தியது; அவர்களை நியமிக்கையில் உள்ளூர் வழக்கையும் நோக்குமாறு வக்பு சபைக்கு விதித்தது. 1982 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வக்பு நியாய சபையும் அமைந்தது. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமோ, கோயிலில் ஈடுபாடுடைய ஐவர் ஒன்றுசேர்ந்து, அரசாங்க அதிபருக்கு முதலில் மனுச்செய்து, பின்னர் மாவட்ட நீதிமன்றத்தை அடைய வழி வகுத்தது. ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்னும் நிலை வரின், வேலியைக் கேட்கும் உரிமை வழிபடுவோனுக்கு வந்தது. சட்டத்தின் இப்பகுதி பாராட்டத்தக்கது. அது கடவுட் கொள்கையை வினாவவில்லை, கணக்கையே வினாவியது.

தனிச் சட்டமூலத்தால் கூட்டிணைக்கப்பட்ட சபைகளுள் இக்கரையோரத்தார் நன்கறிந்தது இராமகிருஷ்ண சங்கம். 1929 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் அதன் இலங்கைக் கிளை சட்ட ஆளாயிற்று. அதன் கல்விப் பணிக்கு உயிராய் நின்றவர் 1892 ஆம் ஆண்டிற் காரைதீவில் தோன்றி, 1924 ஆம் ஆண்டில் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர். கட்டளைச் சட்டம் வந்த 1929 ஆம் ஆண்டிலேயே கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் தோன்றியது. கீழ் மாகாணத்தில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் பாடசாலைகளும் மாணவர் இல்லமும் எழுத்தும் உணவும் உறையுளும் அளித்தன. வேதாந்த உண்மைகளைப் பரப்புதலும் கல்வியாலும் மருத்துவத்தாலும் மக்கட்குத் தொண்டு செய்தலும் அச்சங்கத்தின் இரு கண்கள். 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் வசமாகியபோது சங்கத்தின் பாடசாலைகளும் கைமாறின, சங்கமோ நிலைத்தது. சட்ட ஆளாய் இருந்தமையின் பயன் அது.

இனி 2003 ஆம் ஆண்டுக்கு வருதல் வேண்டும். சுவிற்சர்லாந்து நாட்டு மென்சிங்கனிற் பிறந்த திருச்சிலுவைக் கன்னியர் சபையின் இலங்கை மாகாணத்தைக் கூட்டிணைப்பதற்கு ஒரு சட்டமூலம் அவ்வாண்டிற் கொணரப்பட்டது. கத்தோலிக்க சமய அறிவைப் பரப்புதல், இளைஞருக்குச் சமயக் கல்வியும் தொழிற் கல்வியும் அளித்தல், பாடசாலைகளிற் கற்பித்தல், நோயாளருக்கும் முதியோருக்கும் சிறாருக்கும் தொண்டாற்றல் என்பன அதன் நோக்கங்களுட் சில. குடிமகன் ஒருவர் எதிர்த்து மனுச்செய்தார். உயர் நீதிமன்றம் அச்சட்டமூலம் அரசியலமைப்பின் 9 ஆம், 10 ஆம் உறுப்புரைகளுக்கு முரணானது எனத் தீர்மானித்தது. சமயத்தைப் பரப்பும் நோக்கமும் பொருளுதவி தரும் நோக்கமும் ஓரிடத்தில் இணையும்போது எளியோர் தம் மனச்சான்றுக்கு மாறாகச் சமயம் மாறத் தூண்டப்படுவர் என்பது அத்தீர்மானத்தின் ஒரு தூண். சமயத்தைப் பரப்பும் உரிமையை இலங்கை அரசியலமைப்பு அடிப்படை உரிமையாகத் தரவில்லை, அவ்வாறு பரப்புதல் புத்த சாசனத்தின் நிலைபேற்றுக்கே ஊறாகும் என்பது மற்றொரு தூண். 2001 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் வேறிரு கிறித்தவ அமைப்புக்களின் சட்டமூலங்களைப் பற்றி எழுந்த தீர்மானங்களும் இப்போக்கினவே.

இத்தீர்மானத்தின் உள்ளே நின்ற அச்சம் பொய்யானது என்று தள்ளிவிடலாகாது. பசித்தவன் கையிற் சோற்றையும் செவியிற் சமயத்தையும் ஒருங்கே வைத்தால், அவன் கேட்டது செவியாலோ வயிற்றாலோ என்பது அறிதற்கரிது. இவ்வச்சம் பௌத்தருக்கு மட்டும் உரியதன்று. பாதிரிமார் பாடசாலைகளைக் கண்டு ஆறுமுக நாவலர் கொண்ட கவலையும் அதுவே. ஆயின் நாவலர் கண்ட மருந்து வேறு. 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் நிறுவினார். பிறர் பாடசாலையை மூடுக என்று அரசை வேண்டி இருந்துவிடாமல் தம் பாடசாலையைத் திறந்தார். சமயமும் கல்வியும் இணைந்த அப்பாடசாலை மரபின் வழியே இந்துக் கல்லூரிகள் பலவும் தோன்றின.

தீர்மானத்தின் குறைகள் மூன்று. முதலாவது, அது செயலை நோக்காது நோக்கப் பட்டியலை நோக்கிற்று. எவ்வூரில், எவர், எவரை, எவ்வாறு வற்புறுத்தினர் என்னும் வினாவுக்கு அங்கே விடையில்லை. தவறு நேரக்கூடும் என்பதும் தவறு நேர்ந்தது என்பதும் வேறு. இரண்டாவது, 9 ஆம் உறுப்புரை முழுமையாக வாசிக்கப்படவில்லை. பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளிக்கும் அவ்வுறுப்புரையே, அதே வாக்கியத்தில், 10 ஆம் உறுப்புரையும் 14 (1) (உ) உறுப்புரையும் தரும் உரிமைகளை எல்லாச் சமயங்கட்கும் காப்புறுதி செய்கிறது. பின்சொன்ன உறுப்புரை வழிபாடு, அனுட்டானம், நடைமுறை, போதனை என்னும் நான்கையும் கூறும். இந்திய அரசியலமைப்பிலுள்ள ‘பரப்புதல்’ என்னும் சொல் இங்கே இல்லை என்பது மெய். ஆயினும் போதித்தலுக்கும் பரப்புதலுக்கும் நடுவே எல்லைக்கல் எங்கே நடப்படும்? கோயில் மண்டபத்திற் புராணம் படிப்பவரும் பள்ளிவாசலிற் குத்பா ஓதுபவரும் கதவை அடைத்துக்கொண்டு அதனைச் செய்வதில்லை.

மூன்றாவது குறையே பெரிது. முன்னர்க் கூட்டிணைக்கப்பட்ட சபைகளோடு இதனை ஒப்புநோக்கவில்லை. தத்துவத்தைப் பரப்புதலும் பிள்ளைகளைப் பேணிக் கற்பித்தலும் ஒருங்கே அமைந்தமை குற்றமாயின், 1929 ஆம் ஆண்டின் இராமகிருஷ்ண சங்கமும் அக்குற்றத்துக்கு உட்பட்டதே. இன்று ஒரு சங்கம் அந்நோக்கங்களோடு பாராளுமன்றத்தின் வாயிலுக்குச் செல்லின், 2003 ஆம் ஆண்டின் அளவுகோல் அதனையும் அளக்கும். கன்னியர் சபைக்கு நேர்ந்ததைப் பிறர் வீட்டுச் செய்தியாக இந்துக்களோ முஸ்லிம்களோ வாசித்தல் பேதைமை. காரைதீவிற் பிறந்த துறவி ஒருவரின் வாழ்நாட் பணியே அத்தீர்மானத்துக்கு எதிரான சான்றாக நிற்கிறது.

கன்னியர் 81 பேர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவை அணுகினர். 2005 அக்டோபர் 21 இல் அக்குழு, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 18 ஆம், 26 ஆம் உறுப்புரைகள் மீறப்பட்டன எனத் தன் கருத்தை வெளியிட்டது. நலிந்தோர் முறைகேடாகத் தூண்டப்படுவர் என்னும் முடிபுக்குச் சான்றாதாரம் காட்டப்படவில்லை, அத்தகைய தொண்டு செய்யும் வேறு சமய அமைப்புக்கள் கூட்டிணைக்கப்பட்டுள்ளமையோடு அம்முடிபு இயைபுபடுத்தப்படவுமில்லை என்பன அக்குழு கண்டவற்றுள் தலையாயவை. ஆனால் 2006 ஆம் ஆண்டிற் சிங்கராசா வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம், அக்குழுவிடம் தனியாட்கள் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் அரசு 1997 ஆம் ஆண்டிற் சேர்ந்தமை உள்நாட்டிற் சட்டவலு அற்றது என்றது. ஆகவே வெளியே கிடைத்த நியாயம் வீட்டு வாயிலிலேயே நின்றுவிட்டது.

இனி, கூட்டிணைப்பை மறுத்தலால் விளைந்தது யாது? கன்னியர் கற்பித்தலை எவரும் நிறுத்தவில்லை. சபை தடை செய்யப்படவுமில்லை. சமயம் பரப்பப்படுமே என்னும் அச்சம் இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது ஒன்றே: தன் பெயரால் நிலம் வைத்திருக்கும், தன் பெயரால் வழக்குக்கு விடையிறுக்கும் ஓர் ஆள் உருவாகவில்லை. சட்ட உருவம் பெறாத அமைப்பு தன் உடைமையைத் தனியாட்கள் பெயரிலோ, கம்பனி என்றும் தொண்டு நிறுவனம் என்றும் வேறு பெயர்களிலோ வைக்க நேரிடும். அங்கே கணக்கைக் காண்பது கடினம். பொறுப்பாளரைப் பிடிப்பதும் கடினம். ஆகவே கூட்டிணைப்பை மறுப்பவர் தாம் அஞ்சிய ஒன்றைத் தடுக்கவில்லை. தாம் அஞ்சாத ஒன்றைக் கெடுத்தனர். கட்டாயத்தாலும் ஆசைகாட்டலாலும் சமயம் மாற்றுதலைத் தடுப்பதற்கெனத் தனிச் சட்டமூலங்கள் 2004 ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டுச் சட்டமாகாது நின்றன. அவற்றின் தகுதி எவ்வாறாயினும், தீச்செயல் உண்டாயின் அதனைச் செயலாக விசாரித்துத் தண்டித்தலே நேர்வழி. ஒரு சபையின் பிறப்புச் சான்றிதழை மறுத்தல் அதற்கு மருந்தாகாது.

தமிழ்மொழி இப்பொருளில் ஒரு தெளிவைத் தருகிறது. பள்ளி என்னும் சொல்லை நோக்குக. பண்டைத் தமிழில் அது சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. திருகோணமலையை அடுத்த வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கே பௌத்தப் பள்ளிக்குத் தமிழிற் பொறித்த தானங்கள் உள. இன்று அம்பாறைக் கரையோரத்தில் பள்ளி என்றால் முஸ்லிம்களின் தொழுகையிடம். தமிழர் யாவருக்கும் பள்ளி என்றால் பிள்ளைகள் கற்கும் இடமுமாம். பௌத்தரும் சமணரும் முஸ்லிம்களும் மாணாக்கரும் ஒரே சொல்லிற் குடியிருக்கின்றனர். வழிபாடும் போதனையும் அறமும் பிரிக்கலாகாதவாறு ஒன்றிய இடமே சமய நிறுவனம் என்பதை இச்சொல் பன்னூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. அவற்றின் சேர்க்கையையே ஐயத்துக்குரியதாக்கும் தீர்ப்பு, இந்நாட்டு விகாரைப் பிரிவெனாக்களையும் குர்ஆன் மத்ரசாக்களையும் கோயில் அறநெறிப் பாடசாலைகளையும் ஐயத்துக்குள்ளாக்குவதாகும்.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தபோது இலங்கையிலேயே மிகுதியான உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் உயிர் தப்பியோருக்குக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் பாடசாலையுமே முதற்புகலிடமாயின. அவ்வேளையிற் சோறு தந்தவரைச் சமயம் பரப்ப வந்தவர் என்று எவரும் கேட்டிலர். ஆனால் அடுத்த மாதங்களில், உதவிப் பணம் யார் பெயரில் வருவது, வீடு கட்டும் நிலம் யார் பெயரில் எழுதப்படுவது என்னும் வினாக்கள் எழுந்தன. அப்பொழுது வங்கிக் கணக்கும் முத்திரையும் உறுதிப்பத்திரமும் உடைய நிறுவனம் விரைந்து செயற்படும். அவை இல்லாதது எத்துணை அன்பு உடையதாயினும் வாயிலிற் காத்து நிற்கும். சட்ட ஆளாதல் பெருமைக்கன்று; பயன்பாட்டுக்கே.

ஆதலின் வேண்டப்படுவன இரண்டு. சமய அமைப்பு எதுவாயினும் ஒரே நிபந்தனைகளை நிறைவேற்றியவுடன் பதிவு பெற்றுச் சட்ட ஆளாகும் பொதுச் சட்டம் ஒன்று வேண்டும். பாராளுமன்றத்தின் தனிக் கதவும் அங்கே நிகழும் கொள்கைத் தேர்வும் அதனால் தேவையற்றனவாகும். அந்நிபந்தனைகள் நம்பிக்கையைத் தொடாமல், உடைமையையும் கணக்கையும் தெரிவு முறையையும் பற்றியனவாதல் வேண்டும். இது அரசின் கடன்.

மற்றையது நிறுவனங்களின் கடன். சட்டம் ஆளாக்கியது பொறுப்பாளரை அன்று. வழிபடும் மக்களின் கூட்டத்தையே. வண்ணக்கரும் மரைக்காரும் தம் குடிக்கு விடையிறுக்க வேண்டியிருந்தனர். முத்திரையைக் கையிற் கொண்ட இன்றைய சபைகளோ அம்மரபை மறந்து, கணக்கு வினாவுவோனைப் பகைவனாக நோக்கும் இடங்கள் எச்சமயத்திலும் உள. அரசிடம் சமநீதி கேட்பவர் தம் வாசலுக்கு வரும் ஏழை வழிபாட்டாளனுக்கும், நேற்று வந்து குடியேறியவனுக்கும், பெண்ணுக்கும் அதே சமநீதியை வழங்குதல் முறை. சட்டம் தந்த உடலுக்கு இறப்பில்லை. ஊரார் நம்பிக்கை நீங்குமாயின் உயிரும் இல்லை.